கூடி உழைக்கும் கணினிகளும் மின் சிக்கனமும்

பத்தாம் வகுப்பு 'அ' பிரிவு மாணவி, கள்ளிக்குப்பம்

ஊர் கூடித் தேர் இழுக்க வேண்டும் என்பது நம் முன்னோர் வாக்கு. கணினி உலகிலும் இவ்வாறு கூடி உழைக்கும் முறை ஒன்று உண்டு. அதனைப் 'பியர்-டு-பியர்' என்பர். தமிழில் 'சமநிலை வலைப்பின்னல்' எனலாம். அதில் மின்சாரம் எங்கே வீணாகிறது, அதனை எவ்வாறு குறைக்கலாம் என்று இக்கட்டுரையில் காண்போம்.

சமநிலை வலைப்பின்னல் என்றால் என்ன?

நாம் இணையத்தில் ஒரு பாடத்தையோ படத்தையோ கேட்டால், பெரும்பாலும் அது ஒரு தரவு மையத்திலிருந்து வருகிறது. நமது அம்பத்தூர் தொழிற்பேட்டையிலும் அத்தகைய மையங்கள் இருக்கின்றன. அங்குள்ள கணினிகள் இரவு பகலாக இயங்குகின்றன. அவற்றைக் குளிர்விக்கவும் தனியே மின்சாரம் வேண்டும்.

சமநிலை வலைப்பின்னலிலோ தலைமைக் கணினி என்று ஒன்று இல்லை. ஒவ்வொரு கணினியும் தன்னிடம் உள்ளதைக் கொடுக்கும், இல்லாததை வாங்கிக்கொள்ளும். 2001-ஆம் ஆண்டு பிராம் கோஹன் என்னும் அமெரிக்கர் உருவாக்கிய 'பிட்டோரன்ட்' முறை, பெரிய கோப்பைச் சிறு துண்டுகளாக்கி இவ்வாறே பரிமாறுகிறது. விண்டோஸ் கணினிகளிலும், ஒரு கணினி பெற்ற புதுப்பிப்பை அதே அறையில் உள்ள மற்றவை அதனிடமிருந்து வாங்கிக்கொள்ளும் வசதி உண்டு.

நமக்கு ஏன் இந்தக் கவலை?

2012-ஆம் ஆண்டு சென்னையில் நாள்தோறும் இரண்டு மணி நேரம் மின்வெட்டு இருந்தது. மற்ற மாவட்டங்களில் இன்னும் அதிகம். அந்நாட்களில் சிறு தொழில்கள் பட்ட பாட்டை நம் பெற்றோர் நன்கு அறிவர். இன்றும் அத்திப்பட்டில் உள்ள வடசென்னை அனல் மின் நிலையம் நிலக்கரியை எரித்தே மின்சாரம் தருகிறது. ஆகவே வீணாகும் ஒவ்வொரு யூனிட்டும் வீணே எரிந்த நிலக்கரியாகும்.

முதல் விரயம்: விழித்துக் காத்திருத்தல்

தேர் நிலைக்கு வந்தபின் வடத்தைப் பிடித்துக்கொண்டே நிற்பவர் எவரும் இல்லை. கணினியோ நிற்கிறது! யாரேனும் ஒரு துண்டைக் கேட்கக்கூடும் என்று இரவெல்லாம் விழித்திருக்கிறது. 60 வாட் எடுக்கும் கணினி இரவில் 8 மணி நேரம் சும்மா இருந்தால், 30 நாட்களில் 14 யூனிட்டுக்கு மேல் செலவாகும். உறக்க நிலையில் அது 2 வாட் மட்டும் எடுக்குமானால் செலவு அரை யூனிட்டுக்கும் குறைவே.

ஆனால் உறங்கும் கணினி அழைப்புக்கு எவ்வாறு பதில் சொல்லும்? இதற்கும் அறிஞர்கள் வழி கண்டனர். எப்போதும் விழித்திருக்கும் ஒரு சிறு கருவி, உறங்கும் கணினிக்குப் பதிலாகக் காவல் இருக்கும். உண்மையான வேலை வந்தால் மட்டும் அதனை எழுப்பும். 2009-இல் ஆப்பிள் நிறுவனம் தன் கணினிகளுக்கு இவ்வசதியை அளித்தது. வாயிற்காவலர் ஒருவர் விழித்திருந்தால் வீட்டார் அனைவரும் நிம்மதியாக உறங்கலாம் அல்லவா?

இரண்டாம் விரயம்: வீண் போட்டி

2009-இல் தோன்றிய 'பிட்காயின்' என்னும் கணினிப் பணத்தின் கணக்கேட்டைப் பல கணினிகள் சேர்ந்து காக்கின்றன. அடுத்த பக்கத்தை எழுதும் உரிமைக்காக அவை ஓர் எண்ணை ஊகிக்கும் போட்டியில் இறங்குகின்றன. ஆசிரியை ஐம்பது மாணவியருக்கும் ஒரே புதிரைக் கொடுத்து, முதலில் விடை சொல்பவருக்கு மட்டும் பரிசளித்து, மற்ற நாற்பத்தொன்பது தாள்களையும் குப்பையில் போடுவது போன்றது இது. இப்போட்டிக்கு ஓர் ஆண்டில் ஆகும் மின்சாரம், தமிழ்நாடு முழுவதும் ஓர் ஆண்டில் செலவிடும் மின்சாரத்துக்கு ஏறத்தாழ நிகரானது!

'எத்தீரியம்' என்னும் மற்றொரு வலைப்பின்னலும் 2015-இல் இதே முறையில்தான் தொடங்கியது. ஆனால் 2022 செப்டம்பர் 15-ஆம் நாள் அது போட்டியைக் கைவிட்டது. இப்போது பிணைத்தொகை கட்டியவர்களுள் ஒருவரைக் குலுக்கல் போலத் தேர்ந்தெடுக்கிறார்கள். அவர் எழுதியதை மற்றவர்கள் சரிபார்க்கிறார்கள். ஏமாற்றினால் பிணைத்தொகை பறிபோகும். இம்மாற்றத்தால் அதன் மின்செலவு 99 விழுக்காட்டுக்கும் மேல் குறைந்தது. இத்தனைக்கும் வலைப்பின்னலை ஒரு நாள்கூட நிறுத்தவில்லை.

முடிவுரை

பகிர்ந்துகொள்வதால் மின்சாரம் பெரிதாக வீணாவதில்லை. வேலையின்றி விழித்திருப்பதாலும், ஒருவர் செய்யக்கூடியதைப் பலர் போட்டியிட்டுச் செய்வதாலுமே வீணாகிறது என்பது இதனால் விளங்கும். எத்தீரியத்தை மாற்றுவது நம் கையில் இல்லை. ஆனால் கணினி அறையை விட்டு வெளியேறும்போது திரையை மட்டும் அணைத்துவிட்டுப் போகாமல், கணினியையும் உறங்கச் செய்வது நம் கையில்தான் இருக்கிறது. தோழியரே, சிறு துளி பெரு வெள்ளம் அன்றோ! இன்றே தொடங்குவோம்.