சங்கத்தின் கோப்புறை திறக்கவில்லையா? காரணத்தைக் கட்டளைத் திரை சொல்லும்

ஆண்டுப் பொதுக்கூட்டம் முடிந்த 60 நாள்களுக்குள் சங்கங்கள் தங்கள் ஆண்டறிக்கையைச் சங்கப் பதிவிலாகாவிடம் ஒப்படைக்க வேண்டும். அதற்குத் தேவையான கூட்டக் குறிப்புகள், கணக்கறிக்கை, உறுப்பினர் பட்டியல் ஆகியவற்றைப் பல சங்கங்களும் ஆலய நிர்வாகங்களும் இப்போது அலுவலகத்திலுள்ள ஒரு பொதுக் கோப்புறையில் வைத்திருக்கின்றன. அந்தக் கோப்புறை ஒரு பழைய கணினியில் இருக்கலாம். ‘நாஸ்’ எனப்படும் சேமிப்புப் பெட்டியிலும் இருக்கலாம். செயலாளரும் பொருளாளரும் தத்தம் கணினியிலிருந்தே அதைத் திறந்து பயன்படுத்துகிறார்கள்.

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியுடன் முடிந்ததால், பலர் விண்டோஸ் 11-க்கு மாறியுள்ளனர். மாறிய பிறகு சிலருக்கு அந்தக் கோப்புறை திறக்காமல் போகிறது. கோப்புகள் அழிந்துவிட்டனவோ என்று பதற வேண்டியதில்லை. பெரும்பாலும் கோப்புகள் இருந்த இடத்திலேயே இருக்கும், கதவுதான் பூட்டப்பட்டிருக்கும். எந்தப் பூட்டு என்பதைக் கண்டறியக் கட்டளைத் திரை கைகொடுக்கும்.

கட்டளைத் திரையைத் திறப்பது எப்படி?

விசைப்பலகையில் விண்டோஸ் விசையை அழுத்தி ‘சிஎம்டி’ எனத் தட்டினால் கறுப்புத் திரை ஒன்று வரும். அதை நிர்வாகி உரிமையுடன் திறக்க வேண்டாம். அப்படித் திறந்து இணைக்கும் கோப்புறை, வழக்கமான கோப்புச் சாளரத்தில் பெரும்பாலும் தெரியாது. கீழே உள்ள கட்டளைகள் தமிழ் ஒலிப்பில் தரப்பட்டுள்ளன; கணினியில் அவற்றை ஆங்கில எழுத்தில் தட்ட வேண்டும்.

சேமிப்புப் பெட்டியின் பெயர் ‘சங்கம்’, கோப்புறையின் பெயர் ‘ஆவணங்கள்’ என வைத்துக்கொள்வோம். அதன் முகவரி \\சங்கம்\ஆவணங்கள். தொடக்கத்தில் வரும் இரண்டு பின்சாய்வுக் கோடுகள், இது இந்தக் கணினியில் இல்லை, வலையமைப்பில் உள்ள வேறொரு கணினியில் இருக்கிறது என்பதைக் குறிக்கின்றன. பெயரில் இடைவெளி இருந்தால் முழு முகவரியையும் இரட்டை மேற்கோள் குறிக்குள் எழுத வேண்டும்.

இணைப்பதற்கான கட்டளை இது:

நெட் யூஸ் இசட்: \\சங்கம்\ஆவணங்கள் * /யூசர்:செயலாளர்

அந்தக் கோப்புறைக்கு ‘இசட்’ என்ற எழுத்தைக் கொடுத்து, ‘செயலாளர்’ என்ற பயனர் பெயரில் திறக்கச் சொல்கிறோம் என்பது இதன் பொருள். நடுவில் உள்ள உடுக்குறி, கடவுச்சொல்லைத் தனியாகக் கேட்கச் செய்கிறது. கடவுச்சொல்லைத் தட்டும்போது திரையில் எதுவும் தெரியாது. பக்கத்தில் இருப்பவரும் அதைப் பார்க்க முடியாது. இணைந்ததும் ‘இசட்:’ எனத் தட்டி உள்ளே சென்று, ‘டிர்’ எனத் தட்டினால் கோப்புகள் வரிசையாக வரும். தமிழில் பெயரிட்ட கோப்புகள் சில கணினிகளில் கட்டம் கட்டமாகத் தெரியலாம். அது எழுத்துருவின் குறை, கோப்பு கெட்டுவிடவில்லை.

எண்களின் பொருள் என்ன?

இணைப்பு கிடைக்கவில்லை என்றால் திரையில் ஒரு பிழை எண் வரும். காரணத்தைத் தேட அந்த எண்ணே போதும்.

53 என்றால் அந்தப் பெயரில் ஒரு கணினியைக் கண்டுபிடிக்க முடியவில்லை. பெட்டி அணைந்திருக்கலாம், நீங்கள் வேறு வைஃபையில் இருக்கலாம், பெயரைத் தவறாகத் தட்டியிருக்கலாம்.

67 என்றால் பெரும்பாலும் கோப்புறையின் பெயரில் பிழை.

86 அல்லது 1326 என்றால் பயனர் பெயரோ கடவுச்சொல்லோ பொருந்தவில்லை.

5 என்றால் உங்கள் பெயருக்கு அனுமதி கொடுக்கப்படவில்லை.

1219 என்றால் அதே பெட்டியில் ஏற்கெனவே வேறு பெயரில் இணைந்திருக்கிறீர்கள். ‘நெட் யூஸ்’ என்று மட்டும் தட்டினால் எல்லா இணைப்புகளும் தெரியும். பழையதைத் துண்டித்துவிட்டு மீண்டும் முயலலாம்.

1272 என்றால், கடவுச்சொல் இல்லாத ‘விருந்தினர்’ நுழைவை விண்டோஸ் தடுக்கிறது. அண்மைக் குழப்பத்திற்கு இதுவே முக்கியக் காரணம். 2024-இல் வெளியான 24எச்2 மேம்பாட்டிலிருந்து விண்டோஸ் 11 புரோ பதிப்பு அத்தகைய நுழைவை ஏற்பதில்லை.

குறுக்கு வழி வேண்டாம்

பாதுகாப்பைத் தளர்த்தினால் பழையபடி திறக்கும் என்று சிலர் ஆலோசனை சொல்வதுண்டு. பழைய ‘எஸ்எம்பி 1’ முறையைத் திரும்ப இயக்கச் சொல்பவர்களும் உண்டு. 2017 மே மாதம் பல நாடுகளில் கணினிகளை முடக்கிய ‘வானாக்ரை’ எனும் பிணைநிரல் அந்த முறையிலிருந்த ஓட்டை வழியாகவே பரவியது. பிரிட்டனில் மருத்துவமனைகளும் பாதிக்கப்பட்டன. அதற்கான திருத்தத்தை மைக்ரோசாப்ட் இரண்டு மாதங்களுக்கு முன்பே வெளியிட்டிருந்தது. அதைப் பதிவேற்றாத கணினிகளே பெரிதும் சிக்கின.

சரியான வழி எளிமையானது. பெட்டியின் அமைப்பில் பொறுப்பாளர் ஒவ்வொருவருக்கும் தனிப் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் உருவாக்குங்கள். பெட்டியின் மென்பொருளையும் புதுப்பியுங்கள்.

வீட்டிலிருந்து திறக்க விரும்புவோர் அலுவலக ரவுட்டரில் 445-ஆம் எண் வாயிலை இணையத்திற்குத் திறந்துவிடக் கூடாது. அது உலகில் யாரும் வந்து தட்டக்கூடிய கதவாகிவிடும். முதலில் ‘விபிஎன்’ வழியாக அலுவலக வலையமைப்பில் சேர்ந்து, அதன் பிறகு மேற்கண்ட கட்டளையைத் தட்டுங்கள். பல ரவுட்டர்களிலும் சேமிப்புப் பெட்டிகளிலும் விபிஎன் வசதி உண்டு.

வேலை முடிந்ததும்

‘நெட் யூஸ் இசட்: /டிலீட்’ எனத் தட்டி இணைப்பைத் துண்டியுங்கள். இதனால் கோப்புகள் அழியாது. இணைப்பு மட்டுமே நீங்கும். இணைப்பு திறந்தே இருந்தால், உங்கள் கணினியில் பிணைநிரல் புகும்போது ‘இசட்’டில் உள்ள சங்க ஆவணங்களும் பூட்டப்படக்கூடும்.

நகல் எடுக்க ‘ரோபோகாப்பி’ கட்டளை உதவும். ‘எஃப்’ என்பது வெளி வன்தட்டாக இருந்தால், ‘ரோபோகாப்பி இசட்:\ எஃப்:\நகல் /இ’ எனத் தட்டினால் உட்கோப்புறைகளுடன் எல்லாம் நகலாகும். ‘/எம்ஐஆர்’ என்ற சொல்லைச் சேர்க்கும் முன் யோசியுங்கள். மூலத்தில் இல்லாத கோப்புகளை அது நகலிலிருந்தும் நீக்கிவிடும். நகல் எடுத்ததும் வன்தட்டைக் கழற்றி வேறிடத்தில் வையுங்கள்.

நிர்வாகக் குழு மாறும்போது சாவிக்கொத்தையும் வங்கிப் புத்தகத்தையும் ஒப்படைப்பதுபோல், கோப்புறையின் முகவரியையும் பயனர் பட்டியலையும் எழுதி ஒப்படைக்க வேண்டும். விலகிச் செல்பவரின் பயனர் பெயரை அன்றே நீக்கிவிடுவது இரு தரப்புக்கும் நல்லது.