உஷார்! ‘ஆல் வீல் டிரைவ்’ வேனா? குனிந்து அடியில் பார்த்துவிட்டு வாங்குங்கள்

பனி விழும் காலம் நெருங்கினால் கனடாவிலும் அமெரிக்காவிலும் பழைய வேன் விளம்பரங்களில் ‘ஆல் வீல் டிரைவ்’ என்ற வார்த்தை முளைத்துவிடும். கூடவே விலையும் ஏறும். பிள்ளைகள், அப்பா அம்மா, சாமான் என்று வண்டி நிறைய ஏற்றிக்கொண்டு ஓடும் நம் குடும்பங்கள் அங்கே ஏராளம். உங்களுக்குத்தான் இந்த எச்சரிக்கை. வேனின் பெயரைக் கேட்டு நாலு சக்கரமும் இழுக்கும் என்று முடிவு கட்டாதீர்கள். ஒரே பெயரில் ஒரு நாட்டில் நாலும் இழுக்கும், இன்னொரு நாட்டில் இரண்டுதான்.

ஹோண்டா ஒடிசி ஜப்பானில் 1994இல் வந்தபோதே ஃபோர் வீல் டிரைவிலும் கிடைத்தது. அமெரிக்காவில் விற்ற ஒடிசிகளில் அது ஒருநாளும் கிடையாது. ஃபோர்டு டிரான்சிட்டை எடுத்துக்கொண்டால், அமெரிக்காவில் கம்பெனியே ஆல் வீல் டிரைவ் பொருத்திக் கொடுக்க ஆரம்பித்தது 2020 மாடலில்தான். அதற்கு முந்தைய வண்டி நாலு சக்கரத்திலும் இழுக்கிறது என்றால் வெளிப்பட்டறை ஒன்று மாற்றிக் கொடுத்தது என்று அர்த்தம். நல்ல பட்டறைகளும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் வாரண்டி யார் தருவார், பாகம் எங்கே கிடைக்கும், அந்தப் பட்டறை இன்னும் திறந்திருக்கிறதா? விற்பவர் இதையெல்லாம் தானாகச் சொல்ல மாட்டார்.

கிரைஸ்லர் பசிஃபிகா ஆல் வீலிலும் வருகிறது, ஹைப்ரிடாகவும் வந்திருக்கிறது. இரண்டும் ஒரே வண்டியில் வந்ததில்லை. ‘ஹைப்ரிட், ஆல் வீல் பசிஃபிகா’ என்று யாராவது விளம்பரம் போட்டால் அதில் ஒரு பாதி பொய். இரண்டும் சேர்ந்து வேண்டுமென்றால் 2021 முதல் வரும் டொயோட்டா சியன்னா. அதிலும் ஆல் வீல் எல்லா வண்டியிலும் இல்லை. பேட்ஜை நம்ப வேண்டாம், அது தனியாக விலைக்குக் கிடைக்கும் பொருள். சேஸி நம்பரைக் கொடுத்து டீலரிடம் கேளுங்கள்.

பெரிய கண்ணி இனிமேல்தான்: மிட்சுபிஷி டெலிகா. உயரமான உடம்பு, டீசல் எஞ்சின், பஜேரோவின் ஃபோர் வீல் அமைப்பு; பார்த்தவுடன் ஆசை வரும். 1980களின் கடைசியில் அமெரிக்காவில் இந்த வேனை மிட்சுபிஷி விற்றது, பின்சக்கரம் மட்டும் இழுக்கும்படி. நாலும் இழுக்கிற டெலிகா வேண்டுமானால் ஜப்பானிலிருந்து பழசாக வரவேண்டும். அங்கேதான் சட்டம் குறுக்கே நிற்கிறது. அந்தந்த நாட்டு விதிகளுக்காகச் செய்யப்படாத வண்டி கனடாவுக்குள் வர 15 வயது ஆகியிருக்க வேண்டும், அமெரிக்காவுக்குள் வர 25. வயதை எண்ணுவது வண்டி தயாரான மாதத்திலிருந்து. ஜப்பானின் ஏற்றுமதிச் சான்றிதழில் இருப்பது முதல் பதிவுத் தேதி. இரண்டும் ஒன்றல்ல.

டெலிகா டி:5 வந்தது 2007இல். கனடாவில் ஆரம்பகால டி:5கள் இப்போதே சட்டப்படி ஓடுகின்றன. அமெரிக்காவில் 2032க்கு முன் அதற்கு வழியில்லை. வான்கூவரில் ஆசையாக வாங்கிவிட்டு நாளை சியாட்டிலில் வேலை கிடைத்தால், குடிபோகும்போது அந்த வேனை நிரந்தரமாகக் கொண்டுபோக முடியாது. ‘எல்லையில் எல்லாம் விட்டுவிடுவார்கள்’ என்று சொல்லும் ஆளிடம் காது கொடுக்காதீர்கள். சுங்கத்தார் பறிமுதல் செய்தால் வண்டியும் போகும், பணமும் போகும்.

கனடாவுக்குள்ளேயே இன்னொரு தடை இருக்கிறது. வலப்பக்க ஸ்டியரிங் வண்டிக்கு 25 வயது ஆகாவிட்டால் கியூபெக் பதிவு செய்யாது. ஊரில் வலப்பக்கம் உட்கார்ந்து ஓட்டிப் பழகிய கைக்கு அது சுகமாகத்தான் இருக்கும். ஆனால் எதிரே வருவதைப் பார்க்க முடியாமல் லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொள்ளும்போது அந்தச் சுகம் போய்விடும். டெலிகாவிலும் டூ வீல் டிரைவ் வண்டிகள் உண்டு என்பதையும் மறக்கவேண்டாம். டெலிகாவின் ஸ்பேஸ் கியர் மாடல் என்றால் கியருக்குப் பக்கத்தில் இரண்டாவது லீவர் இருக்கிறதா என்று பாருங்கள், அதைப் போட்டு ஓட்டியும் பாருங்கள்.

எந்த வேனாக இருந்தாலும் நாலு டயரும் ஒரே அளவு, ஒரே தேய்மானமா என்று கவனியுங்கள். இரண்டு புதுசு, இரண்டு மொட்டை என்று ஓடியிருந்தால் சக்தியைப் பிரிக்கும் பாகங்கள் அடி வாங்கியிருக்கலாம், அந்தச் செலவு சின்னதல்ல. இன்னொன்று: நாலு சக்கரமும் இழுப்பது வண்டியைக் கிளப்பத்தான், பிரேக் பிடிக்க அல்ல. பனியில் நிறுத்துவது டயர். டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை குளிர்கால டயர் இல்லாமல் ஓடக்கூடாது என்று கியூபெக் சட்டமே போட்டிருக்கிறது.

அதனால் விற்பவரிடம் முன்பணம் நீட்டுவதற்கு முன் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குப் போன் போடுங்கள். சேஸி நம்பரைச் சொல்லி, ‘இந்த வேனுக்கு பாலிசி தருவீர்களா?’ என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அது கைக்கு வராமல் ஒரு டாலர்கூடக் கொடுக்காதீர்கள்.