எதிரியைக் காணோம்... அமெரிக்க காலேஜ் ஃபுட்பால் ரசிகர்களின் புது சோகம்!

பசிபிக் கடலோரம் இருக்கிற ஒரு காலேஜ் டீம், 'அட்லான்டிக் கோஸ்ட்' என்ற லீக்கில் ஆடுகிறது. 'பிக் டென்' என்று ஒரு லீக். பேரில் பத்து, உள்ளே இருப்பது 18 டீம். 'பிக் 12' என்று இன்னொன்று, அதில் 16. 'என்ன கணக்குடா இது'ன்னு நீங்க தலையைச் சொறிஞ்சா கவலையே படாதீங்க. சின்ன வயசுல இருந்து இந்த விளையாட்டைப் பார்க்கிற அமெரிக்கத் தாத்தாக்களும் இப்போ அதையேதான் செய்றாங்க.

நம்ம கால்பந்தைச் சொல்லலை. ஹெல்மெட் மாட்டிக்கிட்டு, முட்டை வடிவப் பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கிட்டு ஓடுவாங்களே, அந்த ஃபுட்பால். 'காலேஜ் மேட்ச்' என்றதும் காலி கேலரியும் நாலு ஃப்ரெண்ட்ஸோட விசிலும் மனசுல ஓடினா, உடனே அழிச்சுடுங்க. மிச்சிகன் பல்கலைக்கழக ஸ்டேடியத்தில் 1,07,601 பேர் உட்காரலாம். அமெரிக்காவின் மிகப்பெரிய ஸ்டேடியமே அதுதான். கோடிகளில் புரளும் புரொஃபஷனல் டீம்கள்கூட அதைவிடச் சின்ன ஸ்டேடியங்களில்தான் ஆடுகின்றன. நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தின் ஹோம் மேட்ச்கள் 1962-லிருந்து தொடர்ந்து ஹவுஸ்ஃபுல். இடையில் டீம் தோற்றுத் துவண்ட சீசன்கள் உண்டு. டிக்கெட் மட்டும் தீர்ந்துவிடும்.

உங்க அண்ணனோ சித்தி பொண்ணோ எம்.எஸ். படிக்கப் போன அரிசோனா ஸ்டேட்டும் டெக்சாஸ் ஏ அண்ட் எம்மும் இந்தக் கதையில் வர்ற கேரக்டர்கள்தான். சனிக்கிழமையானா ஊரே ஒரே கலர் டி-ஷர்ட்டில் திரியுதுன்னு போட்டோ அனுப்பியிருப்பாங்களே, அந்தச் சனிக்கிழமைகளுக்கு என்ன ஆச்சு என்பதுதான் விஷயம்.

கான்ஃபரன்ஸ்னா மீட்டிங் இல்லை

அமெரிக்க காலேஜ் டீம்கள் 'கான்ஃபரன்ஸ்' என்ற குழுக்களாகப் பிரிந்து ஆடுகின்றன. லீக் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஃப்ளைட் பிடித்துப் போய் மேட்ச் ஆடுகிற பேச்சே இல்லாத காலத்தில், ட்ரெயினில் போய் ஆடிட்டு வர்ற தூரத்தில் இருந்த காலேஜ்கள் கூட்டு சேர்ந்தன. கலிபோர்னியா, வாஷிங்டன், ஓரிகன், ஓரிகன் ஸ்டேட் என நாலு காலேஜ்கள் 1915-ல் ஆரம்பித்த கூட்டணிதான் பின்னாளில் 'பேக்-12' ஆக வளர்ந்தது.

எந்த டீம் எந்த லீக்கில் ஆடணும்னு மேலே உட்கார்ந்து முடிவு பண்றவர் யாரும் கிடையாது. காலேஜ் இஷ்டப்பட்டா சேரலாம். இன்னொரு லீக் கூப்பிட்டா கிளம்பலாம், பெரும்பாலும் ஒரு அபராதத்தைக் கட்டிவிட்டு. இப்படிக் கூடாரம் மாறுவதைத்தான் 'ரீ-அலைன்மென்ட்' என்கிறார்கள்.

பக்கத்து ஊர்க்காரனோடு வருஷா வருஷம், தலைமுறை தலைமுறையா மோதினால் என்ன ஆகும்? பகை வளரும். கூடவே சடங்கும் வளரும். யார் ஜெயிச்சாலும் அடுத்த 364 நாள் ஆபீஸில், சலூனில், மாமியார் வீட்டில் அதே பேச்சு. புருஷன் ஒரு காலேஜ், பொண்டாட்டி எதிரி காலேஜ் என்றால், ரெண்டு டீமின் சின்னத்தையும் பாதிப் பாதியாகப் போட்டு 'பிரிந்த வீடு' என்று எழுதிய கொடியே கடையில் விற்கிறது. வீட்டு வாசலில் பறக்க விடுவார்கள்.

டிவி உள்ளே வந்த கதை

ஒரு டீமின் மேட்ச் டிவியில் எத்தனை முறை வரலாம் என்பதை 1984 வரைக்கும் என்.சி.ஏ.ஏ. என்ற தேசிய அமைப்புதான் கட்டுப்படுத்தியது. எல்லா மேட்ச்சும் டிவியில் வந்துட்டா ஸ்டேடியத்துக்கு யார் வருவாங்கங்கிற பயம். ஒக்லஹோமாவும் ஜார்ஜியாவும் கோர்ட்டுக்குப் போயின. அந்த ஜூன் மாதம் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 7-2 என்று அவர்கள் பக்கம் நின்றது. அதன் பிறகு மேட்ச்சை யாருக்கு, எவ்வளவுக்கு விற்பது என்பது காலேஜ்கள் கையிலும் கான்ஃபரன்ஸ்கள் கையிலும் வந்தது.

அடுத்த திருப்பம் கேபிள். பிக் டென் 2007-ல் தன் பெயரில் ஒரு சேனலையே ஆரம்பித்தது. கேபிள் வைத்திருக்கும் வீட்டின் மாதக் கட்டணத்தில் ஒரு பங்கு அந்த சேனலுக்குப் போகும். அந்த வீட்டில் யாரும் மேட்ச் பார்க்கணும்னு அவசியமே இல்லை! அப்போ லாபம் எங்கே இருக்கு? வீடுகள் நெருக்கமா இருக்கிற பெருநகரங்களில். 2014-ல் ரட்கர்ஸும் மேரிலாண்டும் பிக் டென்னுக்குள் வந்ததற்குக் காரணம் இதுதான். ஒண்ணு நியூயார்க் பக்கம், இன்னொண்ணு வாஷிங்டன் டி.சி. பக்கம். ஃபுட்பாலில் ரெண்டுமே பெரிய பிஸ்தா கிடையாது.

அப்புறம் வேகம் கூடியது. 2021-ல் டெக்சாஸும் ஒக்லஹோமாவும் தென்மாநில லீக்கான எஸ்.இ.சி.க்குத் தாவுவதாக அறிவித்தன. 2022 ஜூன் 30-ம் தேதி லாஸ் ஏஞ்சல்ஸின் யு.எஸ்.சி.யும் யு.சி.எல்.ஏ.வும் பிக் டென்னுக்குப் போவதாகச் சொன்னன. அடுத்த ரெண்டே மாதத்துக்குள் பிக் டென் மூன்று பெரிய டிவி நெட்வொர்க்குகளோடு 7 வருஷ ஒப்பந்தம் போட்டது. மதிப்பு 700 கோடி டாலருக்கு மேல் என்று செய்திகள் வந்தன.

பேக்-12 அதற்குப் பிறகு எழுந்திருக்கவே இல்லை. அதன் கைக்கு வந்தது ஆப்பிளின் ஒரு ஸ்ட்ரீமிங் ஆஃபர். எத்தனை பேர் சந்தா கட்டுகிறார்களோ அதைப் பொறுத்துத்தான் வருமானம். 2023 ஜூலையில் கொலராடோ முதலில் நழுவியது. ஆகஸ்ட் 4-ம் தேதி, ஒரே நாளில் ஐந்து காலேஜ்கள் கிளம்பிவிட்டன. ஓரிகனும் வாஷிங்டனும் பிக் டென்னுக்கு, அரிசோனா, அரிசோனா ஸ்டேட், யூட்டா மூன்றும் பிக் 12-க்கு. செப்டம்பர் 1-ம் தேதி ஸ்டான்ஃபோர்டும் பெர்க்லியும் அட்லான்டிக் லீக்கில் இடம்பிடித்தன. கூடவே சேர்ந்த டல்லாஸின் எஸ்.எம்.யு., 'முதல் ஒன்பது வருஷம் டிவி பணத்தில் எங்களுக்குப் பங்கே வேண்டாம், உள்ளே விட்டா போதும்' என்று ஒப்புக்கொண்டு வந்தது. பெரிய லீக்கில் ஒரு நாற்காலிக்கு இன்றைய விலை அது.

108 வருஷக் கூட்டணியில் மிச்சம் ரெண்டே டீம். வாஷிங்டன் ஸ்டேட், ஓரிகன் ஸ்டேட். கிண்டலா 'பேக்-2'ன்னு கூப்பிட்டாங்க.

டீம் இருக்கு, பகை போச்சு

இதனால் ரசிகர்கள் டீமையே கைகழுவிட்டாங்களா? அதுதான் இல்லை. நெப்ராஸ்கா 2011-லேயே லீக் மாறிய டீம். ஹவுஸ்ஃபுல் கணக்கு நிற்கவில்லை. லீக் மாறினாலும் கோச் மாறினாலும் ரசிகர் மாறுவதில்லை. எப்படி மாறுவார்? டிகிரி சர்டிஃபிகேட்டிலேயே காலேஜ் பேர் இருக்கே! டிவிக்காரர்களின் மொத்தக் கணக்கும் இந்தப் பிடிவாதத்தின் மேல்தான் நிற்கிறது என்பது என் எண்ணம். 'இவங்க எங்கேயும் போக மாட்டாங்க' என்று தெரிந்த பிறகு, இவர்களிடம் யாரும் அபிப்பிராயம் கேட்பதில்லை.

ரசிகர்கள் இழந்தது எதிரியை. ஒக்லஹோமாவையே எடுத்துக்கோங்க. ஒக்லஹோமா, ஒக்லஹோமா ஸ்டேட் இரண்டும் ஒரே மாநிலம், காரில் ஒன்றரை மணி நேர தூரம். 'பெட்லம்' என்று பெயர் வாங்கிய மோதல். 1904-ல் நடந்த முதல் மேட்ச்சில் பந்து உருண்டு ஓடி ஒரு ஓடைக்குள் விழுந்துவிட, ரெண்டு டீம் ஆட்களும் உறையும் குளிர்த் தண்ணீரில் குதித்து அதுக்காக அடித்துக்கொண்டார்கள் என்பது இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கும் கதை. 1910-லிருந்து இந்த மேட்ச் நடக்காத வருஷமே கிடையாது. ரெண்டு உலகப் போர்களாலும் கொரோனாவாலும் நிறுத்த முடியாத மேட்ச், ஒரு டிவி ஒப்பந்தத்தால் நின்றது. 2023 நவம்பர் 4-ம் தேதி ஒக்லஹோமா ஸ்டேட் 27-24 என்று ஜெயித்தது. ரசிகர்கள் மைதானத்துக்குள் இறங்கிக் கொண்டாடினார்கள். மொத்தக் கணக்கில் 91 முறை தோற்று, 20 முறை மட்டுமே ஜெயித்த டீமுக்குக் கடைசி வார்த்தை கிடைத்தது. அடுத்த வருஷம் அந்த மேட்ச் காலண்டரிலேயே இல்லை. பழிவாங்கணும்னு காத்திருந்த ஒக்லஹோமா ரசிகருக்கு ஆளே இல்லை!

பிரிந்து போனால் பகை ஆறிடுமா? டெக்சாஸைப் பாருங்கள். டெக்சாஸ் ஏ அண்ட் எம் 2012-ல் எஸ்.இ.சி.க்குக் கிளம்பியதில், 1894-ல் தொடங்கிய டெக்சாஸ் மோதல் நின்றுபோனது. இரண்டு டீமும் ஆடியே ஆகணும்னு மாநில சட்டமன்றத்தில் மசோதா கொண்டுவரும் அளவுக்குப் போனது (நிறைவேறவில்லை. ஒரு எம்.எல்.ஏ.வுக்கு இதைவிட நல்ல பப்ளிசிட்டி கிடையாது என்பது வேறு விஷயம்). ஏ அண்ட் எம் பாடும் காலேஜ் பாட்டில் டெக்சாஸை வம்புக்கு இழுக்கும் வரிகள் உண்டு. எதிரே யார் ஆடினாலும், மைதானத்திலேயே இல்லாத எதிரியைத் திட்டி 13 வருஷம் பாடிக்கொண்டிருந்தார்கள். டெக்சாஸும் அதே லீக்குக்கு வந்து சேர, 2024 நவம்பர் 30-ம் தேதி மறுபடி மோதல். ஒரு லட்சம் பேருக்கு மேல் கூட்டம். டெக்சாஸ் 17-7 என்று ஜெயித்தது. பிரித்து வைத்த அதே ரீ-அலைன்மென்ட்தான் சேர்த்தும் வைத்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

தூரம் இன்னொரு தலைவலி. லாஸ் ஏஞ்சல்ஸிலிருந்து ரட்கர்ஸ் இருக்கும் நியூஜெர்சிக்குச் சுமார் 4,000 கிலோமீட்டர், மூன்று மணி நேர வித்தியாசம். முன்பு எதிரூர் மைதானத்துக்குக் காரில் கூட்டமாகப் போன ரசிகர் இப்போது ஃப்ளைட் டிக்கெட் விலை பார்க்கிறார். வீட்டில் இருந்தே பார்க்கலாம்னா, ஒரு மேட்ச் ஒரு ஆப்பில், அடுத்த மேட்ச் வேறொரு ஆப்பில். சப்ஸ்கிரிப்ஷன் வலி உங்களுக்குத் தனியா விளக்கணுமா என்ன?

எல்லாருக்கும் சோகமா?

இல்லை. பிக் 12-க்குப் போன அரிசோனா ஸ்டேட், 2024 சீசனுக்கு முன் நடந்த கணிப்பில் கடைசி இடம். சீசன் முடிவில் அந்த லீக்கின் சாம்பியனே அவர்கள்தான். அந்த ரசிகர்களிடம் போய் 'பழைய லீக்கை மிஸ் பண்றீங்களா'ன்னு கேட்டா, சிரிப்பாங்க.

பெர்க்லிக்காரர்கள் வேறு ரூட் பிடித்தார்கள். அந்த காலேஜின் செல்லப் பெயர் 'கால்'. அதை அல்காரிதத்தோடு ஒட்டி 'கால்காரிதம்' என்று ஒன்றைக் கிளப்பினார்கள். 2024-ல் தென்மாநில டீம்களோடு ஆட நேர்ந்ததும், 'நாங்க ஹிப்பிங்க, உங்க ஊரை மாத்த வர்றோம்' என்ற ரேஞ்சில் தங்களைத் தாங்களே கலாய்க்கும் மீம்களை எக்ஸ் தளத்தில் கொட்டினார்கள். அந்த அக்டோபரில் ஈ.எஸ்.பி.என்.னின் புகழ்பெற்ற 'காலேஜ் கேம்டே' நிகழ்ச்சி முதன்முறையாக பெர்க்லிக்கு வந்தது. அன்றைக்கு மயாமியை எதிர்த்து 35-10 என்று முன்னிலையில் இருந்து, 39-38 என்று தோற்றார்கள். பாரம்பரியப் பகை இல்லாத இடத்தில், மீம் போட்டு ஒரு பகையைத் தயார் பண்ணியது இந்தத் தலைமுறை ரசிகர்களின் சாமர்த்தியம். அது நூறு வருஷம் தாங்குமா என்பது வேற கேள்வி.

அந்த மேட்ச்சில் மயாமியைத் தூக்கி நிறுத்திய குவார்ட்டர்பேக் கேம் வார்டு, முந்தைய வருஷம் வரை யாருக்கு ஆடினார் தெரியுமா? கைவிடப்பட்ட வாஷிங்டன் ஸ்டேட்டுக்கு. வீரர்கள் இப்போது ஏறக்குறைய நினைத்தபடி காலேஜ் மாறலாம், விளம்பர வருமானமும் பார்க்கலாம். அது நியாயமும்கூட. இத்தனை வருஷம் அவர்களை வைத்துச் சம்பாதித்தவர்கள் சம்பளமே கொடுக்கலையே! ஆனால் புல்மேன் ஊரில் உட்கார்ந்திருக்கும் ரசிகருக்கு லீக் போனது, வார்டு போனார், அவருக்கு அடுத்து வந்த ஜான் மட்டீர் ஒரே சீசனில் ஒக்லஹோமாவுக்குப் போனார், கோச்சும் 2024 முடிவில் கிளம்பிவிட்டார்.

புல்மேன் சுமார் 33,000 பேர் வாழும் ஊர். வருஷத்துக்கு ஆறேழு ஹோம் மேட்ச் நாட்களில் மாநிலம் முழுக்க இருந்து முன்னாள் மாணவர்கள் வந்து இறங்குவார்கள். ஹோட்டலும் பாரும் அந்த நாட்களை நம்பித்தான் ஓடுகின்றன. நாட்டுக்கே தெரிந்த பெரிய டீம்கள் வராத காலத்தில் அந்தக் கூட்டம் எவ்வளவு வரும் என்பது அங்கே வயிற்றுப்பாட்டுக் கேள்வி.

அந்த டீமுக்கு ஒரு சிவப்புக் கொடி உண்டு. 'ஓல் கிரிம்சன்' என்று பெயர். 2003 அக்டோபரிலிருந்து 'காலேஜ் கேம்டே' எந்த ஊரில் நடந்தாலும், கேமராவுக்குப் பின்னால் அந்தக் கொடி பறக்கும். நிகழ்ச்சியில் இவர்கள் டீமைப் பற்றிப் பேச்சே இருக்காது, ஆனாலும் கொடி இருக்கும். கூரியரில் ஊர் ஊராக அனுப்பி, அங்கங்கே இருக்கும் முன்னாள் மாணவர்கள் விடிகாலையில் போய் நின்று ஆட்டுகிறார்கள். லீக் உடைந்த பிறகும் அது நிற்கவில்லை.

மிஞ்சிய ரெண்டு டீமும் வழக்குப் போட்டு பேக்-12 நிர்வாகத்தைத் தங்கள் கையில் வாங்கிக்கொண்டன. பாய்ஸி ஸ்டேட், சான் டியாகோ ஸ்டேட், ஃப்ரெஸ்னோ ஸ்டேட் போன்றவற்றைச் சேர்த்து, 2026 ஜூலையிலிருந்து புது பேக்-12 என்பது ஏற்பாடு. பழைய எதிரி வாஷிங்டனோடு நடக்கும் 'ஆப்பிள் கப்' மட்டும் தனி ஒப்பந்தத்தில் உயிரோடு இருக்கிறது. நவம்பர் குளிரில் சீசனின் உச்சமாக நடந்த மேட்ச், இப்போது செப்டம்பரில், சீசன் சூடு பிடிக்கும் முன்பே முடிந்துவிடுகிறது. பிரிந்த பிறகு நடந்த முதல் மோதல், 2024-ல் சியாட்டிலில். கடைசி நிமிடங்களில் வாஷிங்டன் கோட்டுக்கு ஒரு கஜ தூரத்தில் வந்து நின்றது. வாஷிங்டன் ஸ்டேட் தடுத்துவிட்டது. 24-19. விட்டுட்டுப் போனவனை அவன் ஊரிலேயே வைத்து அடித்த சந்தோஷம் இருக்கே, அதை எந்த டிவி ஒப்பந்தத்தாலும் தர முடியாது.

அந்த ஆப்பிள் கப் ஒப்பந்தம் 2028 வரைக்கும்தான்.