ஓசையின்றிக் கடிக்கும் மணல் ஈ

நுளம்பும் மலேரியாவும் ஊரில் எம்மை வாட்டியதை நாம் மறக்கவில்லை. இத்தாலி 1970இலும் இலங்கை 2016இலும் மலேரியாவற்ற நாடுகளாக உலக சுகாதார தாபனத்தால் அங்கீகரிக்கப்பட்டன. ஆயினும் நாம் வாழும் பலெர்மோவில் வேறோர் எதிரி உண்டு: மணல் ஈ.

நுளம்பிலும் சிறிய இவ்வீ, கோடைகால இரவுகளில் ஓசையின்றிக் கடிக்கும். நோயுற்ற நாயின் குருதியை உறிஞ்சும்போது லீஷ்மேனியா என்னும் ஒட்டுண்ணி அதன் உடலுட் புகுந்து பெருகுகின்றது. பின்னர் அவ்வீ கடிக்கையில் மனிதருக்குத் தொற்றுகின்றது. நாயைத் தொடுவதால் இந்நோய் வராது.

சாதாரண நுளம்பு வலையின் கண்களூடாக இவ்வீ நுழைந்துவிடும். நெருக்கமாக நெய்த வலையே காக்கும். எமது பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வாரக்கணக்கில் நீடித்து, உடல் மெலிந்து, வயிறு பருத்தால் தாமதியாது வைத்தியரை நாடுவோம். கவனியாது விட்டால் உயிரைப் பறிக்கும் இந்நோய், உரிய காலத்திற் கண்டறிந்தால் மருந்தினாற் குணமாகும்.