பூனைக்கு ஒரு யூனிட்

பூனைக்குச் சர்க்கரை நோய் என்று டாக்டர் சொன்னதும் வீட்டில் எல்லோரும் பயப்படுவது இன்சுலின் ஊசிக்குத்தான். ஆனால் ஊசி போடுவது சுலபம். விலாப் பக்கத் தோலை லேசாகத் தூக்கிப் பிடித்து, அந்த மடிப்பில் குத்த வேண்டும். தட்டில் முகம் புதைத்திருக்கும் பூனை பல நேரம் திரும்பிக்கூடப் பார்க்காது. பயம் இருக்க வேண்டியது அளவில்.

நான்கைந்து கிலோ எடையுள்ள பூனைக்குத் தொடக்க டோஸ் பெரும்பாலும் 1 யூனிட். 12 மணி நேரத்துக்கு ஒரு தடவை. தாத்தாவுக்கு இருபது, முப்பது யூனிட் போட்டுப் பழகிய வீட்டில் ‘இதெல்லாம் ஒரு அளவா?’ என்று தோன்றும். அரைக் கோடு கூடிப்போனால் டோஸ் ஒன்றரை மடங்காகிவிடும் என்பது அப்போது நினைவுக்கு வராது.

சிரிஞ்சு விஷயத்தில்தான் குழப்பம் அதிகம். நம் ஊர் மருந்துக்கடையில் சிவப்பு மூடி சிரிஞ்சு, ஒரு மில்லியில் 40 யூனிட் உள்ள இன்சுலினுக்கானது. ஆரஞ்சு மூடி, 100 யூனிட் உள்ளதற்கு. பூனைகளுக்குப் பரவலாக எழுதித் தரப்படும் கிளார்ஜின், மனிதர்களுக்கான 100 யூனிட் மருந்து. அதைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் ஒரு யூனிட் கோடு வரை இழுத்தால் உள்ளே போவது இரண்டரை யூனிட். தலைகீழாக, விலங்குகளுக்கான 40 யூனிட் மருந்தான கேனின்சுலினை ஆரஞ்சு மூடி சிரிஞ்சில் அதே கோடு வரை இழுத்தால் போவது 0.4 யூனிட்தான். சர்க்கரை இறங்கவில்லையே என்று டோஸை ஏற்றிக்கொண்டே போவார்கள். பிறகு ஒருநாள் யாராவது சரியான சிரிஞ்சை வாங்கி வருவார். அன்றைக்குத்தான் விபத்து நடக்கும். அரை யூனிட் கோடு போட்ட 0.3 மில்லி சிரிஞ்சு கிடைத்தால் கிளார்ஜினுக்கு அதுவே நல்லது.

கூடையில் அடைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன பூனைக்குப் பயத்திலேயே சர்க்கரை 300-ஐத் தாண்டக்கூடும். வீட்டில் பார்க்கச் சொல்வது அதனால்தான். வெதுவெதுப்பான துணியைக் காதில் சற்று நேரம் வைத்து, காதோரம் ஓடும் மெல்லிய இரத்தக் குழாயை ஒட்டிக் குத்தினால் கடுகளவு இரத்தம் வரும். ஸ்டிரிப்புக்கு அது போதும். மனிதர்களுக்கான குளுக்கோமீட்டர், பூனை இரத்தத்தில் பொதுவாக உண்மையைவிடக் குறைத்துக் காட்டும். எந்த மீட்டர் என்று டாக்டரிடம் சொல்லிவிட்டு அதையே வைத்துக்கொள்ளுங்கள்.

காலையில் ஊசிக்கு முன் 350 என்று கண்டவுடன் கை பரபரக்கும். அந்த ஓர் எண்ணை வைத்து டோஸைக் கூட்ட முடியாது. ஊசிக்குப் பின் சர்க்கரை எவ்வளவு கீழே போனது என்பதே கணக்கு. 350-ல் தொடங்கி ஐந்தாறு மணி நேரத்தில் 90-க்கு இறங்கும் பூனைக்கு இன்னும் கூட்டினால் நேரே லோ சுகர். மருந்து உடம்பில் நிலைப்பட நாளாகும். அதனால் டாக்டர்கள் வழக்கமாகச் சில நாள் பொறுத்து, கால் அல்லது அரை யூனிட்டாகத்தான் மாற்றுவார்கள்.

பூனை சாப்பிடவில்லை, வாந்தி எடுக்கிறது, ரீடிங் வழக்கத்தைவிடக் குறைவு என்றால் ஊசிக்கு முன் டாக்டருக்கு போன் செய்யுங்கள். மருந்து முடியில் வழிந்துவிட்டால் திரும்பப் போடக் கூடாது. அம்மா போட்டாரா, அண்ணன் போட்டானா என்று சந்தேகம் வந்தாலும் அப்படியே. ஒரு வேளை டோஸ் தவறினால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. இரண்டு முறை போட்டால் உயிருக்கே ஆபத்து. தினசரி காலண்டரில் டிக் அடிக்கும் பழக்கம், எந்த ஆப்பையும்விட எனக்கு நம்பகமாகப் படுகிறது. தள்ளாட்டம், திடீர்ப் பசி, வலிப்பு என்றால் தேனையோ சர்க்கரைப் பாகையோ ஈறில் தடவிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும். மயங்கிய பூனையின் வாயில் எதையும் ஊற்றினால் புரையேறும்.

சாப்பாட்டையும் இதோடு சேர்த்தே பார்க்க வேண்டும். பூனை மாமிச உண்ணி. பால்சோறும் மலிவான உலர் தீனியும் மாவுச்சத்தைக் கூட்டுகின்றன. அதற்காக ஒரே நாளில் சோற்றை நிறுத்திவிட்டுப் பழைய டோஸையே போட்டால் சர்க்கரை சடாரென்று விழும். தீனி மாறும்போது டோஸும் மாற வேண்டும்.

பூனைகள் பல இன்சுலினிலிருந்து மீண்டு வருகின்றன. கிர்ஸ்டன் ரூம்ப், ஜாக்கி ராண்ட் இருவரும் 2009-ல் வெளியிட்ட ஆய்வில் 55 பூனைகளுக்குக் கிளார்ஜினும் மாவுச்சத்துக் குறைந்த உணவும் தந்து, வளர்த்தவர்களே வீட்டில் அடிக்கடி இரத்தம் பார்த்தார்கள். நோய் தெரிந்த ஆறு மாதத்துக்குள் இந்த முறையைத் தொடங்கியவற்றில் 84 சதவீதம் இன்சுலின் தேவையில்லாத நிலைக்கு வந்தன. தாமதமாகத் தொடங்கியவற்றில் 35 சதவீதம். கணையம் மறுபடி வேலை செய்ய ஆரம்பிக்கும்போது நேற்றைய டோஸ் இன்றைக்கு அதிகமாகிவிடும். குணமாகிவரும் பூனைக்கு லோ சுகர் வருவது இப்படித்தான். ஊசி நின்றுபோன பிறகும் வாரம் ஒருமுறை காதில் குத்திப் பார்க்க வேண்டும். அரிப்புக்கென்று யாராவது ஸ்டீராய்டு ஊசி போட வந்தால், பழைய சர்க்கரைக் கதையை முதலில் சொல்லிவிட வேண்டும்.