உஷார்! பத்மினி இன்ஜினுக்குப் பெரிய பிஸ்டன் போடப் போறீங்களா?

வீட்டில் பழைய பிரீமியர் பத்மினி நிற்கிறதா? அப்பா ஓட்டிய வண்டி என்று பாசமாகத் துடைத்து வைத்திருக்கிறீர்களா? இதைப் படித்துவிட்டு அப்புறம் லேத்துக்குப் போங்கள்.

புகை தள்ளுகிறது, இன்ஜினை இறக்கித்தான் ஆக வேண்டும் என்று மெக்கானிக் சொன்னால் அது நியாயம். அடுத்து அவர் சொல்வதுதான் பயமாக இருக்கிறது. “இறக்கினதுதான் இறக்கினோம், கொஞ்சம் பெரிய பிஸ்டனாப் போட்டுடலாம் சார். வண்டி பறக்கும்!”

பறக்காது. நம்பாதீர்கள்!

கோவையில் ஒருவருக்கு நடந்ததைக் கேளுங்கள். பெயர் வேண்டாம், பாவம். அப்பா காலத்துப் பத்மினி. பிளாக் ஏற்கெனவே இரண்டு தடவை போரிங் பார்த்தது. 68 மி.மீ. இருக்க வேண்டிய சிலிண்டர் 69-க்கு வந்து நின்றது. அடுத்த சைஸ் பிஸ்டன் எங்கே தேடியும் கிடைக்கவில்லை. லேத்துக்காரர் தைரியம் சொன்னார்: “இத்தாலிக்காரனே இதே இன்ஜின்ல 72 போட்டு 1221 சி.சி. ஆக்கினான் சார். நாமளும் போட்டுடலாம்.” வேறு ஏதோ வண்டியின் 72 மி.மீ. பிஸ்டன் வந்தது. போட்டார்கள். ஊருக்குள் ஓட்டியபோது வண்டி அமர்க்களமாக ஓடியது. மனிதருக்கு ஒரே சந்தோஷம்.

குடும்பத்தோடு குன்னூருக்குக் கிளம்பினார். மேட்டுப்பாளையம் தாண்டி, கல்லாறு தாண்டி ஏற்றம் ஆரம்பித்ததும் டெம்பரேச்சர் முள் ஏறியது. பர்லியாருக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு வளைவில், பின்னால் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டிருக்க, இன்ஜின் ஜாம். டிப்ஸ்டிக்கை எடுத்துப் பார்த்தால் ஆயில் இல்லை, பால் காபி நிறத்தில் கொழகொழவென்று ஏதோ ஒட்டியிருந்தது. சிலிண்டர் சுவர் விரிசல் விட்டு ரேடியேட்டர் தண்ணீர் சம்ப்புக்குள் இறங்கிவிட்டது. பின் சீட்டில் இரண்டு குழந்தைகள். நினைத்தாலே பகீர் என்கிறது.

லேத்துக்காரர் சொன்னது பொய்யில்லை, அதுதான் வம்பே. பத்மினியின் பூர்வீகமான ஃபியட் 1100டி என்ற வண்டியில் 72 மி.மீ. சிலிண்டரோடு 1221 சி.சி. இன்ஜின் இத்தாலியில் வந்தது உண்மை. ஆனால் அது அந்த அளவுக்கென்று தொழிற்சாலையிலேயே செய்து வந்த புது இன்ஜின். உங்களுடையது நாற்பது, ஐம்பது வருடம் ஓடிய, ஏற்கெனவே கடைந்த பிளாக். இரண்டும் ஒன்றா?

கணக்கைப் பாருங்கள். விட்டத்தில் 4 மி.மீ. கூட்டினால் சுவரில் சுற்றிலும் 2 மி.மீ. போகிறது. பக்கத்து சிலிண்டரிலும் அதே 2 போவதால் இரண்டுக்கும் நடுவே 4 மி.மீ. இரும்பு காணாமல் போகிறது. மீதி எவ்வளவு? வெளியே இருந்து பார்த்து எவராலும் சொல்ல முடியாது! வார்ப்பின்போது மணல் அச்சு லேசாக நகர்ந்திருந்தால் சுவர் ஒரு பக்கம் தடிமனாகவும் மறுபக்கம் மெலிந்தும் இருக்கும். அதோடு நம் ஊர் பழக்கம் ஒன்று உண்டு. கூலன்ட் ஊற்றாமல் போர்வெல் தண்ணீரையே வருடக்கணக்கில் ஊற்றுவது. அது உள்ளிருந்து துருவாக அரித்துக்கொண்டே வந்திருக்கும். மேலே பளபளவென்று ஹோனிங் செய்த சிலிண்டர், பின்னால் ஓட்டை விழக் காத்திருக்கும் சுவர்.

கேஸ்கெட் இன்னொரு தலைவலி. 68-க்கு வெட்டிய ஹெட் கேஸ்கெட்டை 72 சிலிண்டர் மேல் வைத்தால் விளிம்பு எரியும் இடத்துக்குள் நீட்டிக்கொண்டு நிற்கும். அது பழுக்கக் காய்ந்து, பிளக் பொறி விடும் முன்பே பெட்ரோலைப் பற்ற வைக்கும். பிஸ்டன் தலையில் ஓட்டை விழ அது போதும்.

“அவ்வளவு பெரிசா வேண்டாம், அரை மி.மீ.தான்” என்பவர்களுக்கும் சொல்கிறேன். மாருதி 800-ன் சிலிண்டர் 68.5 மி.மீ. பத்மினிக்கு அரை மி.மீ. ஓவர்சைஸ் என்றாலும் அதே 68.5. “மாருதி பிஸ்டன் எங்கேயும் கிடைக்கும், போட்டுக்கலாம்” என்று யாருக்கும் தோன்றும். (அது மூன்று சிலிண்டர் வண்டி. ஒரு செட் வாங்கினால் உங்களுக்கு ஒரு பிஸ்டன் குறையும். அப்போதே கொஞ்சம் யோசிக்க வேண்டாமா?) விட்டம் பொருந்தினால் பிஸ்டன் பொருந்திவிட்டது என்று அர்த்தமே இல்லை! கன்ராடோடு கோக்கும் பின் எத்தனை தடிமன்? பின்னின் மையத்திலிருந்து தலைவரை உயரம் எவ்வளவு? தலை தட்டையா, குழியா? எடை என்ன? இத்தனையும் பார்க்க வேண்டும்.

உயரம் வெறும் 1 மி.மீ. கூடினால் ஒவ்வொரு சிலிண்டரிலும் எரியும் இடம் சுமார் 3.6 சி.சி. சுருங்கும். கம்ப்ரஷன் எட்டுக்கு ஒன்று என்றிருந்தால் அது 8.7-ஐத் தொடும். அதற்கும் மேலே போனால் பிஸ்டன் ஹெட்டிலோ வால்விலோ இடிக்கும். எடையில் 10 கிராம் வித்தியாசம் என்ன செய்துவிடும் என்று கேட்காதீர்கள். 75 மி.மீ. ஸ்ட்ரோக் உள்ள இந்த இன்ஜின் நிமிடத்துக்கு 4,000 சுற்று சுற்றும்போது அந்தப் பத்து கிராம் ஏழு கிலோவுக்குக் குறையாமல் கன்ராடைப் பிடித்து இழுக்கும். கிராங்கைத் தாங்குவது மூன்றே மூன்று மெயின் பேரிங்.

இவ்வளவுக்கும் லாபம்? 1089 சி.சி. அரை மி.மீ.யில் 1106 ஆகும். ஒன்றரை சதவீதம். உங்கள் காலுக்குக்கூடத் தெரியாது. 72 வரை போனால் பன்னிரண்டு சதவீதம் வரும், ஆனால் கார்புரேட்டரும் வால்வும் பழையவை. நாலு சக்கரத்திலும் டிரம் பிரேக், அதுவும் பழையது. வேகம் கூடினால் எதை வைத்து நிறுத்துவீர்கள்?

சட்டமும் இருக்கிறது. ஆர்.சி.யில் சி.சி. எழுதியிருக்கிறது. கம்பெனி கொடுத்த விவரத்திலிருந்து வண்டி மாறக்கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52. நாளைக்கு ஒரு விபத்து என்றால் இன்ஷூரன்ஸ்காரர் முதலில் கிளறுவது இதைத்தான். 1974-ல் பத்மினி என்று பெயர் மாறும் முன் வந்த ஃபியட் 1100 டிலைட் வைத்திருப்பவர்கள் இன்னும் உஷாராக இருக்க வேண்டும். 2021-ல் வந்த விதிப்படி 50 வருடம் தாண்டிய வண்டிக்கு ‘வின்டேஜ்’ பதிவு கிடைக்கும், அசல் நிலையில் இருந்தால் மட்டும்! இன்ஜினில் கை வைத்திருந்தால் அந்த வாய்ப்பும் போச்சு.

ஏற்கெனவே போட்டு ஓட்டிக்கொண்டிருக்கிறீர்களா? பயப்படாதீர்கள், ஆனால் கவனியுங்கள். இன்ஜின் ஆறிய பிறகு, ஆறிய பிறகுதான், ரேடியேட்டர் மூடியைத் திறந்து ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். தண்ணீரில் தொடர்ந்து குமிழ் வந்தால் கேஸ் கசிகிறது. ஆயில் மூடிக்கு அடியில் வெள்ளையாக நுரை ஒட்டியிருந்தால் வண்டியை நகர்த்தவே வேண்டாம். காலையில் டக்டக் என்று தட்டி, சூடானதும் சத்தம் அடங்கினால் பிஸ்டனுக்கும் சுவருக்கும் நடுவே கிளியரன்ஸ் அதிகம். ஏற்றத்தில் சடசடவென்று நாக்கிங் வந்தால் உடனே ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள். சூடானதும் இன்ஜின் இறுக்கமாகி ஸ்டார்ட்டர் திணறுகிறதா? ஜாமுக்கு முந்தைய கட்டம் அது.

லேத்துக்காரர் எப்படிப்பட்டவர் என்பதைக் கடையிலேயே கண்டுபிடிக்கலாம். பிஸ்டன் கைக்கு வரும் முன்பே போரிங் போட்டு வைக்கும் இடத்துக்குப் போகாதீர்கள். முதலில் பிஸ்டன் வர வேண்டும், நாலையும் அளந்து எண் குறித்து, ஒவ்வொரு சிலிண்டரையும் அதனதன் பிஸ்டனுக்கேற்பக் கடைய வேண்டும். மைக்ரோமீட்டரை எடுக்காமல் விரலால் தடவிப் பார்த்து “கரெக்டா இருக்கு” என்றால், பிளாக்கைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

அப்படியானால் தேய்ந்த இன்ஜினுக்கு என்ன வழி? ஸ்லீவ் இறக்கி, பழையபடி 68-க்கே கடைந்து, பத்மினிக்கு உண்டான பிஸ்டனைப் போடுவதுதான். ஆனால் ஸ்லீவ் உட்காரவும் சுவரில் இரும்பு வேண்டும். 72-க்குக் கடைந்துவிட்ட பிளாக்கில் அதைத் தாங்கும் அளவுக்குச் சுவர் மிஞ்சாமல் போகலாம். அந்தக் கோவைக்காரரின் பிளாக் கடைசியில் எடைக்குத்தான் போனது. வேறு பிளாக் தேடி இன்னும் அலைகிறார்.

சுவரில் மீதி எவ்வளவு என்று அளக்க வழி இருக்கிறது. பாய்லர், பைப் தடிமன் சோதிக்கும் லேப்களில் அல்ட்ராசோனிக் கேஜ் இருக்கும். பிளாக்கை அங்கே எடுத்துப் போய் நாலு சிலிண்டரையும் மேல், நடு, கீழ் என்று சுற்றிலும் அளந்து எழுதி வாங்குங்கள். அந்தக் காகிதம் கைக்கு வரும்வரை, யார் என்ன சொன்னாலும் சரி, போரிங் மெஷினில் பிளாக்கை ஏற்ற விடாதீர்கள்!