உலக வரலாற்று வகுப்பில் எமது பிள்ளைகள்

பத்தாம், பதினோராம் தரங்களில் எமது பிள்ளைகள் உலக வரலாற்றையும் கற்கின்றனர். பெயர்களையும் ஆண்டுகளையும் மனனம் செய்தால் போதுமென நம்மிற் பலர் எண்ணுகிறோம். அது போதாது. என்ன நடந்தது என்பதோடு ஏன் நடந்தது என்பதையும் பிள்ளை விளக்க வேண்டும்.

பிரான்சியப் புரட்சியைப் பார்ப்போம். 1789 யூலை 14இல் பாரிஸ் மக்கள் பஸ்ரில் சிறையைக் கைப்பற்றினர். இது நிகழ்வு. காரணங்களுள் ஒன்று வயலில் இருந்தது. 1788இல் விளைச்சல் குன்றியது. பாணின் விலை ஏறியது. பிரபுக்களும் குருமாரும் பெரும்பாலான வரிகளிலிருந்து விலக்குப் பெற்றிருந்தனர். உழவரோ அரசனுக்கு வரியும், நிலப்பிரபுவுக்கு இறையும், திருச்சபைக்கு விளைச்சலில் ஒரு பங்கும் செலுத்தினர். 1789 ஓகஸ்ட் 4ஆம் திகதி இரவு, இச்சலுகைகளை ஒழிக்கத் தேசிய மன்றம் தீர்மானித்தது.

காணி, வரி, விளைச்சல், விலை ஆகியன எமது குடும்பங்கள் நன்கறிந்தவை. ஆகவே அதிகம் படிக்காத பெற்றோரும் இப்பாடத்தில் துணைநிற்கலாம். இரவில் பிள்ளை பாடஞ் சொல்லும்போது, “அது ஏன் நடந்தது?” என்று கேளுங்கள்.

இடம்பெயர்வினாற் பாடங்கள் தவறியிருந்தால், கொப்பியில் நீளக் கோடொன்று வரைந்து, கற்ற நிகழ்வுகளை ஆண்டு வரிசையிற் குறிக்கச் சொல்லுங்கள். விடுபட்டவை எவையெனப் பாடநூலுடன் ஒப்பிட்டால் தெரியும். அவற்றை ஆசிரியரிடம் கேட்டு நிரப்பலாம்.